வேண்டாதவை

பிப்ரவரி 20, வியாழன்.
இன்று செய்த தப்பு: புராஜெக்டை இணையத் தளத்தில் ஏற்றியபோது விளக்கப் பக்கத்தில் அப்பாவின் வயதை ஒன்று கூட்டிப் போட்டுவிட்டேன். கவனித்துத் திருத்தி மறுபடி ஏற்றினேன். மற்றபடி எல்லாம் சரி. பொத்தான்கள் அத்தனையையும் அழுத்திப் பார்த்தேன், எல்லாம் பேசின. கைபேசியில் மிச்சமிருந்த பதிவுகளையும் அழித்து இடம் உண்டாக்கிக்கொண்டேன்.
நாளை: அப்பாவின் ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைக்க வேண்டும்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடியபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வயதில் ஒன்று கூடியதைத் தவிர வேறு தப்பில்லாத நாள் அவள் குறிப்பில் அபூர்வம். தினமும் ஒரு தப்பையும் அடுத்த நாளுக்கு ஒரு வேலையையும் எழுதுவது மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குப் பழக்கம். அப்பா அதை வைத்துச் சீண்டாத நாளில்லை. தப்பே பண்ணாத அன்று என்ன எழுதுவாய் என்று ஒருமுறை கேட்டார். அப்படி ஒரு நாள் இன்னும் வரவில்லை என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பகலில் அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எடுத்த ரத்தம் குப்பியில் வந்ததும் பெயர்ச்சீட்டு ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். சீட்டு ஒட்டுவதற்கு முன் ஒருமுறை, ஒட்டிய பின் ஒருமுறை, தட்டில் வைக்கும்போது ஒருமுறை பார்ப்பாள். வேலை முடிந்து கிளம்பினால் பெயின்ட் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பு. அங்கேயும் அதே கதைதான். எல்லோரும் எழுதி முடித்து டீ குடிக்கப் போன பிறகும் அவள் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால் வகுப்பில் அவளுக்கு 'செக்கிங்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்துச் சீட்டில் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி நாளெல்லாம் பேசிக்கொண்டே இருப்பார். "மெதுவா, மெதுவா, கிளட்ச் என்ன உங்க மாமியாரா, அப்படி மிதிக்கிறீங்க." யாராவது எதிலாவது இடித்துவிட்டால் கத்த மாட்டார். வண்டியை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "கண்ணாடி பாத்தீங்களா?" அவ்வளவுதான். சொந்த மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, அவளுடைய பயத்தைப் பார்த்து அலுத்து, கடைசியில் அவளுக்கு 'எல் போர்டு' என்று பெயர் வைத்ததோடு விட்டுவிட்டார்.

அந்தத் தொண்டைதான் போன மழைக்காலத்தில் கரகரக்க ஆரம்பித்தது. சளி என்றார்கள், பேச்சைக் குறைக்கச் சொன்னார்கள், பிறகு உள்ளே கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும். கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு வரும். உயிருக்கு நல்லது. பேச்சு போய்விடும். அப்பா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்போ இனிமே ஊமைப்படம்தான்" என்றார். அம்மா மட்டும் டாக்டரின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் சார் கடைசி புராஜெக்டைச் சொன்னார். ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்று செய்து, இணையத்தில் புராஜெக்டுகளை இலவசமாக வைத்துக்கொள்ள இடம் கொடுக்கும் தளத்தில் ஏற்ற வேண்டும். தனித்தனிக் கணக்கு, தனித்தனிப் பக்கம். யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். "உங்க வீடு எரிஞ்சாலும் அது அங்க பத்திரமா இருக்கும்" என்றார் சார். ஒருத்தி வார்த்தை விளையாட்டு செய்தாள், ஒருவன் பாம்பு துரத்தும் ஆட்டம் செய்தான். அவள் பேசும் பலகை ஒன்று செய்வதாக எழுதிக் கொடுத்தாள். கைபேசித் திரையில் வரிசையாகப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல். தொட்டால் அதைச் சொல்ல வேண்டும். மெஷின் குரலில் அல்ல, அப்பாவின் குரலில்.

பதிவு செய்ய வீட்டில் இடம் சரிப்படவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், தெருவில் போகிற வண்டி, அம்மாவின் பாத்திரச் சத்தம். அப்பாதான் வழி சொன்னார். டிரைவிங் ஸ்கூல் காரை மைதானத்து ஓரத்தில் நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது. வகுப்பில்லாத சாயங்காலங்களில் அவள் ஓட்டுபவர் சீட்டில் உட்காருவாள், அவர் வழக்கமான தன் இடத்தில். கால் தானாகப் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"தண்ணி வேணும், சொல்லுங்கப்பா."

"தண்ணி வேணும்."

"கொஞ்சம் மெதுவா."

"தண்ணி கேக்கறவன் மெதுவாவா கேப்பான்? தொண்ட காயுதுடி."

இப்படித்தான் பாதி நேரம் போனது. சில நாள் குரல் நன்றாக இருக்கும், சில நாள் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். நன்றாக வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டாள். வலிக்குது. ஜன்னல திற. சாப்டியா. டாக்டர வரச் சொல்லு. சரி. வேண்டாம். தூக்கம் வரல. இருமல் விழுந்தது, சிரித்துவிட்டது, நடுவில் ஹாரன் கேட்டது, அப்பா வேண்டுமென்றே குரலை மாற்றிப் பேசியது எல்லாவற்றையும் தனியே தள்ளிவைத்தாள். எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை அவள். நல்லதோடு கலந்துவிடக் கூடாதே என்று அவற்றை மொத்தமாக ஒரே ஜிப் கட்டாகச் சுருக்கி, 'வேண்டாதவை' என்று பெயரிட்டு ஓரமாக வைத்தாள்.

அம்மாவைக் கூப்பிடுவதுபோல் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டபோது மட்டும் அப்பா முறுக்கிக்கொண்டார். அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. 'இந்தா' என்பார், அது எந்த அறையிலிருந்தாலும் அம்மாவுக்குக் கேட்டுவிடும். "அதுக்கெல்லாம் எதுக்குடி பொத்தானு? கையத் தட்டினா வரப்போறா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்கம் என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். பிறகு ஒரு நல்ல குரல் நாள் வரவில்லை.

அவளிடம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது. கைபேசியோ பழையது, நாலு பதிவு சேர்ந்தால் இடமில்லை என்று அழும். ஆகவே மாலை வகுப்புக்குப் போனதும் கேபிளை மாட்டிப் பதிவுகளை வகுப்புக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுக் கைபேசியில் அழித்துவிடுவாள். வகுப்புக் கம்ப்யூட்டர்களோ ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்த பலகையாகிவிடும். முன்னால் படித்தவர்கள் சினிமாவாக ஏற்றிக் குவித்திருந்ததால் சார் அப்படி ஏற்பாடு செய்திருந்தார். தானாக எல்லாம் அழிந்து மறுவாரம் புதுசாகத் தொடங்கும். முடிக்காத வேலையை அவரிடம் சொன்னால் அவருடைய கம்ப்யூட்டரில் அந்த வாரத்துக்கு வைத்துக் கொடுப்பார். அவளுடைய ஃபோல்டரையும் அப்படித்தான் வாரந்தோறும் காப்பாற்றிக் கொடுத்தார். அந்த வியாழக்கிழமை அவள் எல்லாவற்றையும் தளத்தில் ஏற்றினாள். ஏற்றம் முடிந்தது என்று பச்சையாக வந்தது. தளத்தில் அவளுடைய பக்கத்தில் 'குரல்' என்ற ஃபோல்டர் தெரிந்தது. முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் பலகையைத் திறந்து வரிசையாகப் பொத்தான்களைத் தட்டினாள். அப்பா வகுப்பு முழுக்கக் கேட்கும்படி தண்ணீர் கேட்டார், டாக்டரைக் கூப்பிட்டார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து போய் நிஜமாகவே ஜன்னலைத் திறந்தான். எல்லோரும் சிரித்தார்கள். இனி வைத்திருக்க வேண்டாம், தளத்தில் இருக்கிறது என்று சாரிடம் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்படித்தான் சொன்னார்கள். அப்பா கழுத்தில் கட்டோடு, மூக்கில் குழாயோடு, கட்டிலில் பாதி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு வாயில் இல்லாமல் கட்டுக்கு நடுவிலிருந்து வந்தது. இருமினால் சத்தம் இல்லை, காற்று மட்டும் சீறியது. எழுதி அழிக்கும் சின்னப் பலகை ஒன்றை மார்பின் மேல் வைத்திருந்தார். வாயால் அவ்வளவு வேகமாகப் பேசியவருக்குக் கையெழுத்து ஆமை வேகம். எழுதி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். பாதி எழுதியதை அழித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

அவர் கொஞ்சம் தெளிந்து உட்கார ஆரம்பித்ததும், ஒரு மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் அவள் கைபேசியில் தளத்திலிருந்து பேசும் பலகையை இறக்கினாள். அம்மா ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். மருந்து தள்ளிக்கொண்டு வந்த நர்ஸும் நின்றாள். "எங்க, உங்கப்பா பேசட்டும், கேப்போம்" என்றாள்.

பொத்தான்கள் வரிசையாக வந்தன. அவள் கைபேசியை அப்பாவிடமே கொடுத்தாள். அவர் யோசித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, 'சாப்டியா' என்பதைத் தொட்டார். அம்மாவிடம் கேட்பதற்காக. பொத்தான் ஒரு கணம் நிறம் மாறி மறுபடி வெளுத்தது. சத்தமில்லை. மறுபடி தொட்டார். அவள் வாங்கிச் சத்தத்தைக் கூட்டினாள். 'தண்ணி வேணும்' தொட்டாள். 'சரி' தொட்டாள். 'வேண்டாம்' தொட்டாள். விரல் வேகமாக ஓட ஓட, பொத்தான்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறி மாறி அணைந்தன. அப்பா புருவத்தைத் தூக்கினார். நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

"நெட் சரியில்லப்பா. சாயந்திரம் சரி பண்ணிடறேன்."

அப்பா பலகையில் 'அவசரமில்ல' என்று எழுதிக் காட்டினார். நெட் நன்றாகத்தான் இருந்தது.

அன்று மாலை சார் தன் கம்ப்யூட்டரில் அவள் பக்கத்தைத் திறந்தார். 'குரல்' ஃபோல்டர் இருந்தது. அதைத் திறந்தார். உள்ளே சொற்களின் பட்டியல் ஒன்றும், 'வேண்டாதவை' கட்டும் இருந்தன. வேறு எதுவும் இல்லை.

சார் விளக்கினார். எல்லோருக்கும் அவர் ஆரம்பத்தில் மாதிரிக்கு ஒரு ஃபோல்டர் கொடுத்திருந்தார். அதன் மேல்தான் எல்லோரும் வேலை செய்தார்கள். அதற்குள் சாதாரணமாகக் கண்ணில் படாத ஒரு சின்னக் கோப்பு உண்டு. எந்த வகைக் கோப்புகளை ஏற்றாமல் தாண்டிப் போக வேண்டும் என்று ஏற்றும் மென்பொருளுக்கு அது சொல்லும். பாட்டும் படமும் ஏற்றி இலவச இடத்தை அடைத்துத் தளத்துக்காரர்கள் கணக்கைப் பூட்டிவிட்ட அனுபவத்துக்குப் பிறகு, ஒலிக் கோப்புகள் எல்லாவற்றையும் அவர் அந்த விலக்குப் பட்டியலில் போட்டிருந்தார். மென்பொருள் சொன்னபடி செய்தது. ஒலிகளைத் தாண்டிப் போனது. தாண்டியதைத் தப்பு என்று அறிவிக்கவில்லை, ஏனென்றால் தாண்டச் சொன்னதே நாம்தான். ஜிப் கட்டு மட்டும் ஒலி என்று அதற்குத் தெரியாததால் உள்ளே போய்விட்டது.

இதைப் புராஜெக்ட் தொடங்கிய முதல் வாரமே வகுப்பில் சொன்னதாகச் சார் சொன்னார். அந்த வாரம் அவள் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"ஆனா சார், நான் எல்லாத்தையும் தட்டிப் பாத்தேனே."

"இங்க இருந்ததத் தட்டிப் பாத்தம்மா. அங்க போனத இல்ல."

அவளுக்கு ரத்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது சொன்ன பாடம் நினைவுக்கு வந்தது: சீட்டைப் படித்துவிட்டுக் குப்பியைப் பார்த்ததாக நினைத்துக்கொள்ளாதே. ஃபோல்டரின் பெயரைப் படித்துவிட்டு அவள் வந்திருக்கிறாள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்தவங்க ஏத்துனத எல்லாம் நான் ஒவ்வொண்ணா திறந்து பாத்தேன். உன்னோடத மட்டும் பாக்கல. நீ பாத்திருப்பன்னு விட்டுட்டேன்" என்றார். அதன் பிறகு அவளை அவர் 'செக்கிங்' என்று கூப்பிடவில்லை. மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். அதுதான் அவளை அதிகம் சுட்டது.

அழிந்ததை மீட்கும் மென்பொருள் என்று ஒன்று உண்டு. சார் விடுமுறை நாளில் வந்து, அவள் உட்காரும் கம்ப்யூட்டரையும் தன்னுடையதையும் நாள் முழுக்கச் சலித்தார். அதற்குள் புதுக் கோப்புகள் மேலே மேலே எழுதப்பட்டிருந்தன. கிடைத்தது யாருடையதோ ஒரு பாதிப் பாட்டு, யாருடையதோ அடையாள அட்டைப் படம். கைபேசி ரிப்பேர்காரர் இரண்டு நாள் வைத்துக்கொண்டு, சுரண்டினாலும் ஒன்றும் வராது என்று திருப்பிக் கொடுத்தார். தளத்துக்காரர்களுக்கு அவள் நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினாள். அப்பாவைப் பற்றியெல்லாம் எழுதினாள். அனுப்பாத கோப்புகள் எங்களிடம் இருக்க வழியில்லை, வருந்துகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் நெட் சரியில்லாமலே இருந்தது. அப்பா கேட்பதை நிறுத்திவிட்டார். பக்கத்துக் கட்டில்காரரிடம் ஒருநாள் பலகையில், 'என் பொண்ணு எனக்கு வாய் செஞ்சிருக்கா, வந்துட்டே இருக்கு' என்று எழுதிக் காட்டியிருக்கிறார். அதை அந்த மனிதர்தான் அவளிடம் மெச்சிச் சொன்னார். அவள் சிரித்துவிட்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்தாள். மேலே போகிறவர்களுக்கு வழிவிட்டபடி உட்கார்ந்தே இருந்தாள்.

முதலில் அம்மாவிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால். அம்மா துவைத்து வந்த அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கழுத்துக் கட்டுக்குத் தோதாக மேல் பொத்தான்களை வெட்டி எடுத்த சட்டைகள். அம்மாவுக்கு எடுத்த எடுப்பில் புரியவில்லை. ஏற்றினேன் என்கிறாய், ஏறவில்லை என்கிறாய் என்றாள். அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

"அப்போ அவ்வளவு நாள் கார்ல உக்காந்து பேசினதெல்லாம்?"

"இல்லம்மா."

அம்மா மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அம்மா கடைசியில், "அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மிச்சம்னு எதுவுமே இல்லயா?" என்றாள்.

"வேண்டாதது மட்டும் இருக்கு."

"எது வேண்டாதது?"

"இருமினது, திட்டினது, சிரிச்சது. பலகைக்கு ஆகாதது."

"போடு. கேப்போம்."

இத்தனை நாள் அந்தக் கட்டை அவள் இறக்கவே இல்லை. குப்பை தங்கி, பொன் போய்விட்டதே என்ற எரிச்சலில் அதன் பெயரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இப்போது கைபேசியில் இறக்கி விரித்தாள். முதலில் நீண்ட இருமல் ஒன்று, அதன் முடிவில் 'அப்பாடா'. பிறகு கார்க் கண்ணாடி ஏறும் சத்தம். "எல் போர்டு, இன்னும் எத்தன வாட்டி தண்ணி கேக்கறது, டேங்க் ரொம்பிடப் போகுது." பிறகு சிரிப்பு, மூச்சு வாங்கும்வரை சிரிப்பு. எதற்குச் சிரித்தார் என்று அவளுக்கு நினைவில்லை. பிறகு தொண்டையைச் செருமுவது மட்டும், வேறொன்றுமில்லை. "போதும் போதும், நாளைக்கு மிச்சம் வை." அம்மா சட்டையை மடியில் வைத்தபடி தலை குனிந்து கேட்டாள். வீட்டுக்குள் அந்தக் குரல் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கதவு திறந்திருக்கிறதா என்று அவள் ஏனோ திரும்பிப் பார்த்தாள்.

கடைசிக்கு முந்தியது வீட்டில் எடுத்தது. கார் ரிப்பேருக்குப் போயிருந்த ஒரு மழை நாள். சமையலறைப் பக்கம் திரும்பி அப்பா குரல் கொடுக்கிறார்: "இந்தா, இங்க கொஞ்சம் வாயேன். உன் பொண்ணு என்னப் படுத்தற பாட்டப் பாரு." ஆனால் 'இந்தா' முடிவதற்குள்ளேயே உள்ளேயிருந்து அம்மாவின் குரல் ஏறிவிட்டது: "கை வேலையா இருக்கேன், சும்மா அங்கேருந்து கத்தாதீங்க." இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, அப்பா சொல்வது பாதிதான் கேட்கிறது. இரண்டு குரல் கலந்ததால் அவள் அதை வேண்டாததில் தள்ளியிருந்தாள்.

அம்மா மறுபடி போடச் சொன்னாள். மறுபடி போட்டாள்.

"என் குரல மட்டும் எடுத்துட முடியாதா?"

"முடியாதும்மா. ரெண்டும் ஒட்டிப் போச்சு."

அம்மா தலையாட்டினாள். "கூப்பிட்டப்ப வாய மூடிட்டுப் போயி நின்னிருக்கலாம். போனா என்ன கொறஞ்சுடும்" என்றாள். அவளிடம் சொல்லவில்லை, மடியிலிருந்த சட்டையிடம் சொன்னாள். பிறகு எழுந்து சட்டைகளைப் பையில் வைத்தாள்.

வார்டில் அம்மா ஸ்டூலில் உட்காரவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வார்டுக்கு வெளியே நடையில் போய் நின்றுகொண்டாள். அவள் கட்டிலருகே நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. நெட் சரியில்லை என்றது பொய், பதிவுகள் ஏறவே இல்லை, ஏறியதா என்று திறந்து பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், மீட்கப் பார்த்தோம், முடியவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போது போர்வைக்குள் அப்பாவின் வலது கால் மெல்ல நகர்ந்து கட்டிலின் இரும்புக் கம்பியை அழுத்தியது. அழுத்தியபடியே இருந்தது.

அவள் முடித்த பிறகு அப்பா பலகையை எடுத்தார். எழுதி, அவள் பக்கம் திருப்பினார்.

'கண்ணாடி பாத்தியா?'

"பாத்தேன்பா. பின்னாடி எதுவும் வரலன்னு நெனச்சேன்."

அவர் அழித்தார். திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று தலையாட்டவும் இல்லை. அவருடைய பார்வை அவள் கையிலிருந்த கைபேசியில் நின்றது. அவள் மிச்சமிருப்பதைச் சொல்லி, சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒன்றைப் போட்டாள்.

"தண்ணி கேக்கறவன் மெதுவாவா கேப்பான்? தொண்ட காயுதுடி."

அப்பாவின் உதடுகள் அந்தச் சொற்களோடு சேர்ந்து அசைந்தன. கழுத்துக் கட்டிலிருந்து காற்று மட்டும் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் யார் பேசியது என்று தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் அடுத்ததைப் போடப் போகையில் அப்பா உள்ளங்கையை உயர்த்தினார். மாணவர்களுக்கு வண்டியை நிறுத்தச் சொல்லிக் காட்டும் கை. பிறகு பலகையில் எழுதினார்: 'அம்மா கேட்டாளா?'

"கேட்டாங்க. நீங்க கூப்பிடறது ஒண்ணு இருக்கு. ஆனா அம்மாவும் பேசிட்டாங்க, அது மேலயே."

அப்பா பலகையின் மேல் பேனாவை வைத்தார். ஒரு புள்ளி மட்டும் விழுந்தது. அதை விரலால் துடைத்துவிட்டு, பலகையைக் கவிழ்த்து மார்பில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். அம்மா உள்ளே வந்து, அவர் திரும்பியிருப்பதைப் பார்த்து, ஸ்டூலைத் தூக்கிக் கட்டிலின் அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தாள். இடம் குறுகல், முழங்கால் சுவரில் இடித்தது. அப்பா கை தட்டிக் கூப்பிடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு.
இன்று செய்த தப்பு: அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்ன கையோடு பதிவையும் போட்டுக் காட்டினேன். கேட்கிறீர்களா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.
நாளை: வேண்டாதவையிலிருந்து 'தண்ணி', 'போதும்' இரண்டையும் வெட்டி எடுக்க வேண்டும். விலக்குப் பட்டியலில் ஒலி என்ற வரியை நீக்கிவிட்டு ஏற்ற வேண்டும். ஏற்றியதை ரத்த நிலையத்துக் கம்ப்யூட்டரில் இறக்கிக் கேட்க வேண்டும். அம்மா பேசியது அப்படியே இருக்கட்டும்.